மூன்று மாதக் குழந்தைக்கு அயோர்ட்டிக் வால்வு சுருக்கம்: பலூன் உடனே போட வேண்டுமா?

மதுரைப்பொண்ணு (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது கிளினிக் சிஸ்டர் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். அயோர்ட்டிக் வால்வில், அதாவது இதயத்திலிருந்து அயோர்ட்டா என்ற பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில், மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதாம், அவையும் ஓரம் ஒட்டிப்போய்ச் சரியாகத் திறக்கவில்லையாம். ரிப்போர்ட்டில் வால்வுக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்த வித்தியாசம் 72 என்று போட்டிருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து வால்வை விரிக்கணும் என்கிறார் டாக்டர்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உடம்பு நீலம் பாயவில்லை. இவளுக்கா இதயநோய் என்று நம்பவே முடியவில்லை. ஊரில் மாமியார், "குலதெய்வத்துக்கு முடி இறக்காம பச்சப்பிள்ளை மேல கத்தி வைக்க விடாதீங்க" என்று அழுகிறார். வீட்டுக்காரர் நடுவில் தவிக்கிறார். ஆறு மாதம் பொறுத்து ஊருக்குப் போய், முடி இறக்கிவிட்டு அங்கேயே வைத்தியம் பார்க்கலாமா? பலூன் போட்டால் வால்வு கிழிந்து கசியும் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மாசமாக இருந்தபோது நான் சாப்பிட்டது ஏதும் காரணமா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வார்டு அக்கா (சாட்ஸ்வொர்த்)

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ சாப்பிட்டதாலும் வரவில்லை, சாப்பிடாததாலும் வரவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கி இரண்டு மாதம் போல ஆவதற்குள் வால்வு உருவாகிவிடும். நூறு பேரை எடுத்தால் ஒருவர் அல்லது இரண்டு பேருக்கு அயோர்ட்டிக் வால்வு இரண்டு இதழோடுதான் இருக்கும். அவர்களில் நிறையப் பேர் அது தெரியாமலே வளர்ந்து, கல்யாணம் கட்டி, பேரப்பிள்ளையும் எடுத்துவிடுகிறார்கள். உன் மகளுக்கு ஓரம் ஒட்டியிருப்பதால் இப்போதே வெளியே வந்திருக்கிறது.

நான் குழந்தை இதய வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிரிப்பதையும் நீலம் பாயாததையும் வைத்து நீ தைரியம் எடுத்துக்கொள்ளாதே. அயோர்ட்டிக் சுருக்கத்தில் பிள்ளை நீலம் பாயாது, ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாகத்தான் இருக்கும். அது வேறு வகை இதயக் கோளாறில் வருவது. இதில் பார்க்க வேண்டியதே வேறு. பால் குடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள்? நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாளா? குடிக்கும்போது நெற்றியும் உச்சந்தலையும் நனைகிறதா? நன்றாகத் தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார். அப்புறம் கிளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்து எழுது.

மதுரைப்பொண்ணு (டர்பன்)

அக்கா, ஒரு தடவை பால் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. கொஞ்சம் குடிப்பாள், கண் மூடிவிடுவாள், மறுபடி எழுப்பணும். நெற்றி வேர்ப்பது உண்மைதான். டர்பன் புழுக்கம் என்று நினைத்திருந்தேன். தூக்கத்தில் மூச்சு 58 வந்தது. எடைக் கோடு ஆறாம் வாரம் வரை மேலே ஏறியது, அதற்குப் பிறகு படுக்கையாகப் போகிறது.

வார்டு அக்கா (சாட்ஸ்வொர்த்)

பால் குடிப்பதுதான் இந்த வயதுப் பிள்ளைக்கு ஓட்டப்பந்தயம் மாதிரி வேலை. அதற்கே வேர்த்து, களைத்து, எடை நின்றுபோனால் இதயம் திணறுகிறது என்று அர்த்தம். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தூங்கும்போது மூச்சு 50க்கு மேல் போகக் கூடாது.

கொடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதே. நாளைக் காலையிலேயே இதயப் பிரிவுக்குப் போன் போட்டு, இப்போது எனக்குச் சொன்ன இந்த நாலு விஷயத்தையும் அப்படியே சொல். "பிள்ளை சரியில்லை" என்று மட்டும் சொன்னால் நர்ஸுக்கு ஒன்றும் புரியாது. "முக்கால் மணி நேரம், வேர்வை, மூச்சு 58, எடை ஏறவில்லை" என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுவாள். இன்று ராத்திரியே பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு வெளுத்துச் சாம்பல் பூத்தாலோ, கைகால் சில்லிட்டாலோ விடியும்வரை பார்க்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

கேப் டவுன் தம்பி

நான் குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சியில் இருக்கிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, பொதுவாகச் சில விளக்கங்கள் சொல்கிறேன். அக்கா சொன்ன அவசரத்தை நானும் வழிமொழிகிறேன்.

அந்த 72 பற்றி. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதல்லவா, அதே மாதிரி வால்வு குறுகக் குறுக ரத்தம் வேகமாகப் பாயும். எக்கோ அந்த வேகத்தைத்தான் அளக்கிறது. வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் கிடைக்கும். விநாடிக்கு 4.2 மீட்டர் என்றால் 70ஐத் தாண்டிவிடும். குழாய் உள்ளே விட்டு நேரடியாக அளக்கும்போது இதைவிடக் குறைவான எண்தான் வரும். ஏனென்றால் அங்கே அளக்கிற முறை வேறு, குழந்தையும் மயக்கத்தில் இருக்கும். குழாயில் அளந்து 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் பலூன் போடுவது வழக்கம். "72 என்றார்கள், அப்புறம் 50 என்கிறார்கள், யாரோ தப்பாகப் பார்த்துவிட்டார்கள்" என்று குழம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இதயத் தசை களைத்துப்போனால் ரத்தத்தைத் தள்ளும் வலு குறையும், அப்போது எண்ணும் குறையும். அடுத்த எக்கோவில் 72 போய் 45 வந்தால் அது நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம். எண்ணோடு சேர்த்து "இடது கீழறை எப்படிச் சுருங்குகிறது, சுவர் தடித்திருக்கிறதா" என்றும் கேளுங்கள்.

பலூன் கசிவைப் பற்றிய பயம் நியாயமானது. ஒட்டிய இதழ்களைப் பிரிப்பதுதான் பலூனின் வேலை. சரியான கோட்டில் பிரிந்தால் நல்லது, சில சமயம் இதழே கிழியும். அதனால் அயோர்ட்டிக் வால்வுக்கு, இதழ்கள் பொருந்தியிருக்கும் வளையத்தின் அளவைவிடப் பெரிய பலூன் போட மாட்டார்கள். சுருக்கத்தை முழுக்கப் போக்குவதைவிட, கொஞ்சம் சுருக்கம் மிச்சம் வைத்துக் கசிவில்லாமல் வெளியே வருவதைத்தான் நல்ல முடிவு என்போம். லேசான கசிவைப் பிள்ளைகள் பல வருடம் தாங்குவார்கள். இறுகிய வால்வைத் தள்ளித் தள்ளிக் களைக்கும் இதயத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பலூனோடு எல்லாம் முடிந்துவிடாது. கைக்குழந்தையிலேயே பலூன் போட்டவர்களில் நிறையப் பேருக்கு வளரும் பருவத்தில் மறுபடி பலூனோ ஆபரேஷனோ தேவைப்படுகிறது. குழந்தை வளர்ந்து, பெரிய உடம்புக்குப் பெரிய வால்வு வைக்கக்கூடிய வயது வரை காலத்தை வாங்கிக் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை.

மேலும் இரண்டு: இரட்டை இதழ் வால்வோடு பெருந்தமனியும் ஓரிடத்தில் குறுகியிருக்கலாம், தொடையில் நாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். பெண் குழந்தை என்பதால் டர்னர் குறைபாடு (ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவது) உண்டா என்று ரத்தத்தில் குரோமோசோம் சோதனை கேட்கக்கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வால்வு குடும்பத்தில் ஓடும். நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கும்.

ஸ்டாங்கர் மணி

எல்லாரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறீர்கள். என் தம்பி மகனுக்கும் நெஞ்சில் சத்தம் என்றார்கள், ஒன்றும் செய்யவில்லை, பள்ளிக்கூடம் போகும் வயதில் தானாகப் போய்விட்டது. இப்போது கால்பந்து ஆடுகிறான். பிரைவேட்காரர்களுக்கு வேண்டியது பணம். இதயத்துக்கு மருதம்பட்டையைவிட நல்ல மருந்து உண்டா? நம் சித்தர்கள் சொன்னது. ஆறு மாதம் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே.

வார்டு அக்கா (சாட்ஸ்வொர்த்)

மணி அண்ணே, உங்கள் தம்பி மகன் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அவனுக்கு இருந்ததும் இந்தப் பிள்ளைக்கு இருப்பதும் ஒன்றல்ல. வளரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாமல் சத்தம் மட்டும் கேட்கும். ரத்தம் ஓடுகிற சத்தம்தான், வயசு ஏறினால் போய்விடும். அதற்கு யாரும் பலூன் போடச் சொல்வதில்லை. இங்கே எக்கோவில் வால்வு ஒட்டியிருப்பது கண்ணால் பார்த்த விஷயம், பிள்ளை எடை ஏறவில்லை.

மருதம்பட்டையைப் பெரியவர்கள் குடிப்பதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒட்டிய இதழை எந்தக் கஷாயமும் பிரிக்காது. மூன்று மாதக் குழந்தைக்கு இதயம் திணறும்போது நீர் பிரிய மருந்து கொடுப்பார்கள், எவ்வளவு உள்ளே போகிறது எவ்வளவு வெளியே வருகிறது என்று மில்லி கணக்கில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தாய்ப்பாலுக்கும் டாக்டர் சொன்ன சத்துப் பாலுக்கும் நடுவில் கஷாயத்தைப் புகுத்துவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தயவு செய்து அந்த ஆறு மாதக் கணக்கை இந்த இழையில் மறுபடி எழுதாதீர்கள்.

டோங்காட் ஆயா

என் பேத்தி தட்டிக் கொடுக்கிறா, நான் சொல்லச் சொல்ல. மதுரைக்காரம்மா, உன் மாமியா அழுவுறது எனக்குப் புரியுது. நானும் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டுத்தான் எல்லாம் செய்வேன். எங்க வீட்டுப் புள்ளைக்கு ஆபரேசன் வந்தப்போ எங்க அம்மா சொன்னது இதுதான்: மஞ்சத் துணியில ஒரு ரேண்டு காச முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னால வை. புள்ள நல்லா வந்ததும் வந்து செய்யிறேன்னு சொல்லு. அம்மன் கேட்டுக்குவா. முடி இறக்குறது ஒரு வருசம் கழிச்சும் இறக்கலாம், மூணு வருசத்துலயும் இறக்கலாம். இத உன் மாமியாகிட்ட நான் சொன்னதாவே சொல்லு. போன் போட்டுக் குடுத்தா நானே பேசுறேன்.

பீனிக்ஸ் அப்பா

என் மகனுக்கும் பலூன்தான், ஆனால் அவனுக்கு நுரையீரலுக்குப் போகும் பல்மனரி வால்வு. நாலு மாதத்தில் ஒரு பிரைவேட் கிளினிக்கில் சளி என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒழுங்காகக் கேட்டது வேறொரு டாக்டர். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரியும்.

அவனுக்கு அந்த ஒரே பலூனோடு சரியாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு "எங்களுக்கும் ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பல்மனரி வால்வு கொஞ்சம் கசிந்தாலும் வலது பக்கம் வெகுகாலம் பொறுத்துக்கொள்ளும் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். அதனால் அங்கே வளையத்தைவிடப் பெரிய பலூனே போடுகிறார்கள். 1982இல் பால்டிமோரில் இந்த முறை வந்ததிலிருந்து அந்த வால்வுக்கு நெஞ்சைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. இடது பக்கம் கதை வேறு, அதைத் தம்பி சொல்லிவிட்டார்.

அன்றைய நாளைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு இப்போது பயன்படும். முந்தின ராத்திரி கடைசிப் பால் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள், தாய்ப்பாலுக்கு ஒரு கணக்கு, டப்பா பாலுக்கு ஒரு கணக்கு. வெளியே வந்ததும் குழாய் விட்ட காலை மடக்காமல் நீட்டிப் படுக்கவைக்கணும், சில மணி நேரம். பசியோடு எழுந்து உதைக்கிற பிள்ளையை அப்படி வைத்திருப்பதுதான் பெரும்பாடு. தொடையில் கட்டு நனைகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா, இரண்டு பாதமும் ஒரே நிறமா என்று நர்ஸ் அடிக்கடி வந்து தொட்டுப் பார்ப்பார். நீங்களும் பாருங்கள். சின்னக் குழந்தைக்குத் தொடைத் தமனி மெல்லிசு, அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு கால் சில்லிட்டிருந்தால் உடனே குரல் கொடுங்கள்.

மதுரைப்பொண்ணு (டர்பன்)

காலையில் போன் போட்டேன். அக்கா சொன்னபடியே நாலையும் சொன்னேன். மத்தியானமே வரச் சொல்லி வார்டில் சேர்த்துவிட்டார்கள். நீர் பிரிய மருந்து ஆரம்பித்திருக்கிறது, மூக்குக் குழாய் வழியாகவும் பால் போகிறது. இந்த வாரமே பலூன். ஆயா, உங்கள் செய்தியை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சத் துணி இருக்கா என்று கேட்டார். இல்லை, வெள்ளைத் துணியில் மஞ்சள் தடவி முடிந்திருக்கிறோம்.

பணத்தை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. இவர் கம்பெனியில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) உண்டு. குழந்தை பெயர் சேர்த்தோமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

கேப் டவுன் தம்பி

பிறந்த 30 நாளுக்குள் பெயர் சேர்த்திருந்தால் பிறந்த தேதியிலிருந்தே பாதுகாப்பு உண்டு. சேர்த்த கடிதம் கையில் இருக்கிறதா பாருங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாத குடும்பங்களுக்கும் சொல்லிவைக்கிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது உதவும்: 1994இல் மண்டேலா அரசு வந்ததிலிருந்து ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. குவாசுலு நட்டாலில் இதற்கான பெரிய இடம் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை. அங்கே நேராகப் போய் நிற்க முடியாது. பக்கத்து கிளினிக்கோ அரசு மருத்துவமனையோ கடிதம் கொடுத்து அனுப்பணும். அந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் அலைய வேண்டும்.

தமிழ்ப்பள்ளி வாத்தியார் (மெரிபேங்க்)

இதே அயோர்ட்டிக் வால்வுக்காக உலகமெங்கும் குழந்தைகளுக்குச் செய்யும் ஓர் ஆபரேஷன் நம் நாட்டில் பிறந்தவர் பெயரால் வழங்குகிறது. டொனால்ட் ராஸ், 1922இல் கிம்பர்லியில் பிறந்தவர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் பர்னார்டின் வகுப்புத் தோழர். 1967 டிசம்பர் 3ஆம் தேதி பர்னார்ட் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் முதல் இதய மாற்று செய்ததை ஊரெல்லாம் அறியும். அதே 1967இல் ராஸ் இங்கிலாந்தில் செய்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கெட்ட அயோர்ட்டிக் வால்வை எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்தப் பல்மனரி வால்வையே அந்த இடத்தில் பொருத்தினார். சொந்தச் சதை என்பதால் பிள்ளை வளர வளர அதுவும் வளரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டியதில்லை. என் மாணவர்களுக்கு பர்னார்டைச் சொல்லும்போதெல்லாம் ராஸையும் சேர்த்தே சொல்கிறேன். பல குழந்தைகளுக்குப் பிழைக்கும் வழி அந்த மனிதரால் கிடைத்தது.

பள்ளிக்கூடத்துக்காரனாக இன்னொன்று. நம் கண்டத்தில் வால்வு நோய் என்றாலே தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல்தான் பலருக்கும் நினைவு வரும். அது பெரும்பாலும் 5 முதல் 15 வயதில் வருவது, பிறவியில் வருவதல்ல. அதைத் தடுக்க முடியும். 2005இல் நம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஆப்பிரிக்க மருத்துவர்கள் கூடி அதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பிள்ளையைக் கிளினிக்குக்குக் காட்டுங்கள். பிறவியிலேயே வால்வு பழுதான குழந்தைக்கு இதுவும் சேர்ந்து வந்துவிடக் கூடாது.

மாரிட்ஸ்பர்க் சித்தி

வாத்தியார் சொன்ன ராஸ் ஆபரேஷன் என் அக்கா மகனுக்கு ஏழு வயதில் நடந்தது. இப்போது கல்லூரி போகிறான், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை இல்லை, கிரிக்கெட் விளையாடுகிறான். அந்த டாக்டர்களைத் தினமும் கும்பிடுகிறோம். ஆனால் ஒரு வால்வு நோயை எடுத்து இரண்டு வால்வைக் கவனிக்கும் வேலையாக ஆக்குகிறது என்பதையும் பெற்றவர்கள் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடணும். எடுத்த பல்மனரி வால்வுக்குப் பதிலாக இறந்தவர் தானமாகக் கொடுத்த வால்வை வைத்தார்கள். அது வளராது, சுண்ணாம்பு படியும். போன வருடம் அதை மாற்ற வேண்டி வந்தது. அயோர்ட்டாவில் பொருத்திய சொந்த வால்வும் மெதுவாக விரிகிறதா என்று வருடா வருடம் அளக்கிறார்கள். இதையெல்லாம் எங்களுக்கு முதலிலேயே படம் போட்டுச் சொன்னார்கள், அதனால் இரண்டாவது தடவை வந்தபோது இடிந்து போகவில்லை.

லெனேசியா அம்மா

வார்ஃபரின் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் மகளுக்குக் கோளாறு மைட்ரல் வால்வில், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது. அதைப் பிடித்திழுக்கும் நாரெல்லாம் இரண்டு தசையில் பிரிந்து சேராமல் ஒரே தசையில் போய்ச் சேர்ந்திருந்தது. பாராசூட் மைட்ரல் என்றார்கள். முதலில் சொந்த வால்வையே தைத்துச் சரிசெய்து பார்த்தார்கள். குழந்தைகளுக்கு அதுதான் முதல் முயற்சி, செயற்கை வால்வு கடைசி. கொஞ்ச காலம் தாங்கியது, பிறகு உலோக வால்வு வைக்க வேண்டி வந்தது. மாட்டுத் திசு வால்வு வைத்தால் வார்ஃபரின் வேண்டாமே என்று கேட்டோம். வளரும் குழந்தைக்கு அது சீக்கிரமே சுண்ணாம்பு பிடித்துக் கெட்டுவிடும் என்றார்கள்.

ராத்திரி வீடு அடங்கியதும் பக்கத்தில் படுத்தால் அவள் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்கும். தங்கைக்குத் தாலாட்டே அந்தச் சத்தம்தான்.

வார்ஃபரினோடு வாழ்வதில் நாங்கள் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். மாத்திரை தினமும் சாயங்காலம் ஒரே நேரம். விரல் நுனியில் குத்தி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்க்கிறோம், மைட்ரல் உலோக வால்வு என்பதால் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்கணும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தம் கசியும். கீரையே ஆகாது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அப்படியில்லை. முருங்கைக்கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே நிறைய உண்டு, மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் அதே அளவு, அதற்கேற்ப மாத்திரையை டாக்டர் அமைத்துவிடுவார். புரட்டாசியில் வீடே சைவமாகி மரக்கறியும் கீரையுமாகத் தட்டு நிறைகிறதே, அந்த மாதம்தான் எண் எங்களுக்கு ஆட்டம் காட்டும். அதனால் மாதம் பிறக்கும்போதே கிளினிக்கில் சொல்லி அடிக்கடி பார்க்கிறோம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வீட்டில் வைப்பதில்லை. வேறு எந்தக் காரணத்துக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் சில நாளில் ஐ.என்.ஆர். பார்க்கணும். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்குப் புதிதாக வந்திருக்கும் ரத்த மெலிவு மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது, யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெண் பிள்ளை என்பதால் எனக்கு இன்னொரு யோசனையும் உண்டு. வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அவள் பெரியவளானதும் இதை அவளிடம் உட்கார்ந்து பேச வேண்டியது என் கடமை.

மதுரைப்பொண்ணு (டர்பன்)

பலூன் முடிந்தது! குழாயில் அளந்தபோது 56, முடித்தபிறகு 20. லேசான கசிவு என்றார்கள். காலை நீட்டி வைக்கப் பட்ட பாடு பீனிக்ஸ் அண்ணன் சொன்ன மாதிரியேதான். வலது பாதம் ஒரு மணி நேரம் கொஞ்சம் சில்லென்று இருந்தது, சொன்னேன், உடனே மருந்து ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். நேற்று இருபது நிமிடத்தில் பால் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதாள். நெற்றி காய்ந்திருந்தது. எடைக் கோடு மேலே திரும்பியிருக்கிறது.

வீட்டுக்காரருக்கும் எக்கோ எடுத்தோம். அவருக்கும் இரண்டு இதழ்தான்! சுருக்கம் இல்லை. மாமியார் இப்போது மகனுக்கும் சேர்த்து முடிந்து வைத்திருக்கிறார்.

கேள்விகள் இன்னும் உண்டு. ஆறு மாதத்தில் காது குத்தலாமா? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

கேப் டவுன் தம்பி

மிகவும் சந்தோஷம் அக்கா. அண்ணனுக்கு முதலில்: சுருக்கம் இல்லையென்றாலும் பெருந்தமனியின் அகலத்தை அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கணும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எக்கோ. அவர் கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை எடுத்துக்கொள்ளட்டும்.

வால்வில் கிருமி தங்குவதைப் பற்றி. பல் பிடுங்கும்போதோ ஈறு கீறும்போதோ முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2007க்குப் பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கனவே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் அது. அவர்களுக்கு அமாக்ஸிசிலின், கிலோவுக்கு 50 மில்லிகிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன். லெனேசியா அக்கா மகள் அந்தப் பட்டியலில் வருவாள். சொந்த வால்வில் பலூன் மட்டும் போட்ட உங்கள் மகளுக்குப் பொதுவாகத் தேவையில்லை. பல் முளைத்த நாளிலிருந்து காலையும் இரவும் தேய்ப்பதும், பாட்டிலோடு தூங்கவிடாமல் இருப்பதும்தான் அவளுக்கு உண்மையான பாதுகாப்பு. கிருமி பெரும்பாலும் வாயிலிருந்துதான் போகிறது.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் விடாமல் இருந்தால், முதல் ஸ்பூன் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்னாலேயே ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து போன பிறகு எடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும், பிறகு எதற்கு வைத்தியம் செய்வது என்றே தெரியாமல் போகும். குடும்ப டாக்டருக்கு இதயப் பிரச்சினை தெரியாமலிருக்கலாம், நீங்கள்தான் சொல்லணும்.

வார்டு அக்கா (சாட்ஸ்வொர்த்)

காது குத்துவதற்கு அவசரமில்லை. அடுத்த எக்கோவில் எல்லாம் நிலையாக இருக்கட்டும், தடுப்பூசிகள் முடியட்டும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். குத்தும்போது கிளினிக்கில் சுத்தமான ஊசியில் குத்து. கோயில் வாசலில் ஒரே ஊசியை எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற இடத்தில் வேண்டாம். சீழ் பிடித்தால் மஞ்சள் பூசிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காட்டு. சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆறு மாதம் ஆனதும் போடலாம், இங்கே குளிர்காலம் வருவதற்கு முன். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்றைக்காவது மதுரைக்கே திரும்பக்கூடும். பலூன் போட்ட நாளின் முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு, ஒரு பக்க டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. வளையத்தின் அளவு, போட்ட பலூனின் அளவு, முன்னும் பின்னும் அழுத்தம், எந்தக் கால் வழியாகப் போனார்கள், இவ்வளவும் அதில் இருக்கணும். எக்கோ படங்களைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல். இரண்டாவது தடவை செய்யப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மதுரைப்பொண்ணு (டர்பன்)

வாங்கிவிட்டேன் அக்கா. வளையம் 8 மில்லிமீட்டர், பலூன் 7, வலது கால். ரோட் டு ஹெல்த் புத்தகத்தின் பின்னட்டையிலும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த எக்கோ ஒரு மாதத்தில், எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.